நெஞ்சு கரிச்சா வாயுன்னு விடலாமா? சந்தவாசல், ஜவ்வாது மலை மக்கள் இதயத்தைக் காக்க தினமும் செய்ய வேண்டியது என்ன?

"ராத்திரி சாப்பிட்டது செரிக்கலை, நெஞ்சு கரிக்குது. வாயுதான். ஒரு சோடா குடிச்சா சரியாயிடும்."

இந்த வசனத்தைக் கேட்காத வீடு தமிழ்நாட்டில் இருக்காது. பல நேரம் அது உண்மையும்கூட. ஆனால் சில நேரம், மாரடைப்பு வந்தவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய முதல் ஒரு மணி நேரத்தை இந்த சோடா விழுங்கிவிடுகிறது.

பெரிய நகரத்தில் இருப்பவர்களுக்கு, தாமதமானாலும் பக்கத்துத் தெருவில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி இருக்கும். சந்தவாசல் மாதிரி ஊர்களில் அந்த வசதி கிடையாது. திருவண்ணாமலை மாவட்டத்தில், ஜவ்வாது மலை அடிவாரத்தில், வேலூர் - திருவண்ணாமலை சாலையில் இருக்கிற ஊர் இது. வடக்கே கண்ணமங்கலம், தெற்கே போளூர். படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்குப் போகிறவர்கள் இங்கேதான் திரும்புவார்கள். பெரிய அரசு மருத்துவமனை என்றால் ஒரு பக்கம் வேலூருக்கு முன்னால் வரும் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி, இன்னொரு பக்கம் திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி. எந்தப் பக்கம் போனாலும் நேரம் ஆகும். மலைக்கு மேலே ஜமுனாமரத்தூர் பக்கத்துக் கிராமம் என்றால், வளைந்து வளைந்து இறங்கும் மலைச்சாலையைக் கடக்கவே தனியாக நேரம் வேண்டும்.

இந்த தூரத்தை நம்மால் குறைக்க முடியாது. ஆனால் அந்த ஆம்புலன்ஸில் ஏற வேண்டிய நாளைப் பல வருடம் தள்ளிப்போட முடியும். ஏறத்தான் வேண்டும் என்றால், சரியான நேரத்தில் ஏறவும் முடியும். இதற்கு ஜிம் வேண்டாம், விலை உயர்ந்த டயட் பவுடரும் வேண்டாம். வீட்டில், வயலில், தறியில் செய்கிற சில பழக்கங்கள்தான் கணக்கு. அதிலும் எல்லாப் பழக்கத்துக்கும் ஒரே எடை கிடையாது. எது பெரியது, எது சின்னது என்று விரிவாகப் பார்ப்போம்.

ஹாசன் பயம் நமக்குச் சொன்னது என்ன?

2025 ஜூன், ஜூலை மாதங்களில் கர்நாடகாவின் ஹாசன் மாவட்டச் செய்திகள் உங்கள் மொபைலுக்கும் வந்திருக்கும். சுமார் 40 நாட்களில் 20-க்கும் மேற்பட்டவர்கள் மாரடைப்பில் இறந்ததாகத் தகவல் பரவியது. அவர்களில் இளைஞர்களும் இருந்தார்கள். பெங்களூரு, மைசூருவில் உள்ள ஜெயதேவா இதய மருத்துவமனைகளில் பரிசோதனைக்குக் கூட்டம் அலைமோதியது. கொரோனா தடுப்பூசிதான் காரணம் என்று வாட்ஸ்அப்பில் ஃபார்வர்டுகள் பறந்தன.

கர்நாடக அரசு நிபுணர் குழு அமைத்து விசாரித்தது. மரணங்கள் திடீரென்று அசாதாரணமாகக் கூடியதற்கு ஆதாரம் இல்லை என்று அந்தக் குழு சொன்னது. இறந்தவர்கள் பலருக்கு ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், புகைப்பழக்கம், மது என்று ஏற்கெனவே தெரிந்த காரணங்கள் இருந்தன. இளம் வயதில் வரும் திடீர் மரணங்களுக்கும் கொரோனா தடுப்பூசிக்கும் நேரடித் தொடர்பு இல்லை என்று ஐசிஎம்ஆர், எய்ம்ஸ் ஆய்வுகளைச் சுட்டிக்காட்டி மத்திய அரசும் விளக்கம் கொடுத்தது.

அதாவது புதிதாக மர்ம நோய் எதுவும் வரவில்லை. ஒருவகையில் இதுதான் கவலைப்பட வேண்டிய செய்தி. ஏன்னா, மர்மம் என்றால் யாராவது கண்டுபிடிக்கும் வரை காத்திருக்கலாம். தெரிந்த காரணத்துக்கு அந்தச் சாக்கு கிடையாது.

மலைக்காற்று, வயல் வேலை... நமக்கு ஏன் வரப்போகுது?

"நாங்க கிராமத்து ஆளு, உழைக்கிற உடம்பு. இதெல்லாம் டவுன்காரங்களுக்கு வர்றது" என்ற நம்பிக்கை இன்னும் இருக்கிறது. ஒரு காலத்தில் அதில் நியாயமும் இருந்தது. இப்போது நிலைமை மாறிவிட்டது.

இதற்கு ஆதாரம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். வேலூர் சிஎம்சி மருத்துவக் கல்லூரி, வேலூர் நகரத்திலும் சுற்றுவட்டாரக் கிராமங்களிலும் 1991-94 காலத்தில் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. அதையே 2010-12 காலத்தில் மறுபடியும் நடத்தியது. இடைப்பட்ட 20 வருடத்துக்குள், நகரத்தில் மட்டுமில்லாமல் கிராமத்திலும் சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், உடல் எடை எல்லாமே ஏறியிருந்தன.

வயது விஷயத்திலும் நமக்குச் சலுகை இல்லை. 52 நாடுகளில் நடந்து 2004-ல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வின் தகவல்களை வைத்துப் பார்த்தபோது, இந்தியா உள்ளிட்ட தெற்காசிய மக்களுக்கு முதல் மாரடைப்பு வரும் நடு வயது 53. மற்ற நாட்டினருக்கு அது ஏறத்தாழ 59. நமக்கு ஐந்தாறு வருடம் முன்னாடியே வருகிறது. பிள்ளைகளின் படிப்பும் கல்யாணமும் பாதியில் நிற்கிற வயசு அது.

அதே ஆய்வில் ஒரு நல்ல செய்தியும் இருந்தது. முதல் மாரடைப்புகளில் சுமார் 90 சதவீதத்துக்கு ஒன்பதே ஒன்பது காரணங்கள்தான். புகையிலை, கெட்ட கொழுப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை, தொப்பை, மன அழுத்தம், காய்கறி பழம் குறைவாகச் சாப்பிடுவது, உடல் உழைப்பு இல்லாமை போன்றவை. இவற்றில் எதற்கும் தலைவிதி என்று பெயர் இல்லை.

100-ல் 7 பேர்தான்!

சரி, முதல் பழக்கம் எது? வாக்கிங், டயட் என்று ஆரம்பிப்பார்கள் என்று நினைப்பீர்கள். நாம் பிபி மெஷினில் இருந்து ஆரம்பிப்போம். காரணம் இருக்கிறது.

2020-ல் தமிழ்நாட்டில் நடந்த ஸ்டெப்ஸ் கணக்கெடுப்பில், பெரியவர்களில் மூன்றில் ஒருவருக்கு உயர் ரத்த அழுத்தம் இருப்பது தெரியவந்தது. அது பெரிய ஆச்சரியம் இல்லை. அப்படி இருப்பவர்களில் எத்தனை பேருக்கு அது கட்டுக்குள் இருக்கிறது என்று பார்த்தால், வெறும் 7.3 சதவீதம். 100 பேரில் 7 பேர். சர்க்கரை நோயாளிகளில் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் 10.8 சதவீதம். மருத்துவ வசதியில் முன்னணி மாநிலம் என்று பேர் வாங்கிய தமிழ்நாட்டின் நிலைமைதான் இது.

மீதி 93 பேருக்கு என்ன ஆனது? ஒரு பகுதியினர் ஒரு தடவைகூட பிபி பார்த்ததில்லை. பிபி-க்கு வலி கிடையாது, காய்ச்சல் கிடையாது. அறிகுறியே இல்லாமல் பத்து வருடம் ரத்தக் குழாயை அரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். இன்னொரு பகுதியினர் மாத்திரையை ஆரம்பித்து, பிறகு நிறுத்தியவர்கள். இவர்கள் கதையைத்தான் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

ஏன் நிறுத்துகிறார்கள்? "பிபி நார்மல் ஆயிடுச்சு, இனிமே எதுக்கு?" என்பது முதல் காரணம். மாத்திரை போட்டதால்தானே நார்மல் ஆனது! நிறுத்திய சில நாட்களில் பழையபடி ஏறிவிடும். "ஆரம்பிச்சா வாழ்நாள் பூரா போடணுமே" என்ற பயம் இரண்டாவது. வாழ்நாள் நீள்வதற்காகத்தான் அந்த மாத்திரையே கொடுக்கிறார்கள்.

மூன்றாவது காரணம் அதிகம் பேசப்படாதது, ஆனால் நியாயமானது. பக்கவிளைவு. அரசு மருத்துவமனைகளில் பரவலாகக் கொடுக்கும் அம்லோடிபின் மாத்திரை சிலருக்குக் கணுக்கால் வீக்கத்தைக் கொடுக்கும். எனலாப்ரில் சிலருக்கு வறட்டு இருமலை உண்டாக்கும். "இந்த மாத்திரை கிட்னியைக் கெடுத்துடுச்சு போல, அதான் கால் வீங்குது" என்று பயந்து நிறுத்திவிடுகிறார்கள். உண்மையில் கட்டுப்பாடில்லாத பிபி-தான் கிட்னியைக் கெடுக்கும். வீக்கமோ இருமலோ வந்தால் டாக்டரிடம் சொன்னால் போதும், வேறு மாத்திரை மாற்றித் தருவார். மாற்று மருந்துகள் நிறைய இருக்கின்றன.

இதில் பலன் எவ்வளவு? 2016-ல் லான்செட் இதழில் வந்த பெரிய தொகுப்பாய்வின்படி, மேல் ரத்த அழுத்தத்தை 10 புள்ளி குறைத்தாலே மாரடைப்பு, பக்கவாதம் உள்ளிட்ட பெரிய பாதிப்புகள் சுமார் 20 சதவீதம் குறைகின்றன. பக்கவாதத்தை மட்டும் எடுத்தால் 27 சதவீதம்.

2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் அடிப்படைக் கணக்கே இதுதான். பிபி, சுகர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தால் பஸ் பிடித்துப் போகும் அலைச்சலும், போகும் அன்று இழக்கும் கூலியும் மிச்சம். மாத்திரையும் நிற்காது. மலை அடிவார ஊர்களுக்கு இது சாதாரண வசதி இல்லை. வீட்டுக்கு வரும் சுகாதாரத் தன்னார்வலரிடம் உங்கள் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று கேளுங்கள். 30 வயது தாண்டிய எல்லோரும் வருடத்துக்கு ஒரு தடவையாவது பிபி, சுகர் பார்த்துவிடுவது நல்லது.

பிபி பார்ப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. டீ, காபி, பீடிக்குப் பிறகு அரை மணி நேரம் போகட்டும். முதுகு சாய்ந்து ஐந்து நிமிடம் உட்காருங்கள். கை இதய உயரத்தில் இருக்கணும். அளக்கும்போது பேசக் கூடாது. பஸ்ஸில் இருந்து இறங்கி ஓடிவந்த வேகத்தில் பார்த்தால் எல்லோருக்குமே ஏறித்தான் காட்டும். இப்படி அமைதியாக உட்கார்ந்தும், வேறு வேறு நாட்களில் 140/90 அல்லது அதற்கு மேல் வந்தால் டாக்டரைப் பார்க்க வேண்டியதுதான்.

உப்பு பாக்கெட் கணக்கு

"நான் உப்பு கம்மியாத்தான் போடுவேன்" என்று சொல்லாத சமையல்காரர் இல்லை. இதைச் சோதிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. ஏறத்தாழ ஒரு டீஸ்பூன். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு நாளைக்கு 20 கிராம், மாதத்துக்கு 600 கிராம். உங்கள் வீட்டில் ஒரு கிலோ பாக்கெட் எத்தனை நாளில் தீர்கிறது என்று பாருங்கள். 50 நாள் வந்தால் அளவு. 30 நாளில் தீர்ந்தால் ஆளுக்கு 8 கிராமுக்கு மேல் போகிறது. ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர் மிளகாய், கடை மிக்சரில் உள்ள உப்பு இந்தக் கணக்கில் வரவே இல்லை என்பதையும் மறக்க வேண்டாம்.

எங்கே குறைப்பது? சாதம் வடிக்கும்போது போடும் உப்பை முதலில் நிறுத்தலாம். குழம்பில் உப்பு இருக்கும்போது சோற்றுக்கு எதற்கு? அடுத்தது ஊறுகாய். கூழுக்கும் கஞ்சிக்கும் தொட்டுக்கொள்ள தினமும் ஊறுகாய் என்பதை மாற்றி, சின்ன வெங்காயம், வறுத்த கடலை, கீரை என்று போகலாம். ஒரே நாளில் பாதியாகக் குறைத்தால் வீட்டில் சண்டைதான் வரும். வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். சில வாரங்களில் நாக்கு பழகிவிடும்.

வயலில் வெயிலில் வேர்த்து வேலை செய்பவர்கள் "உப்பு வேணாமா?" என்று கேட்பது புரிகிறது. வேர்வையில் உப்பு போவது உண்மை. ஆனால் நம் சாப்பாட்டில் ஏற்கெனவே தேவைக்கு மேல் இருப்பதால், பெரும்பாலானவர்களுக்குத் தனியாகச் சேர்க்க வேண்டிய அவசியம் வராது. தண்ணீர்தான் நிறையக் குடிக்கணும்.

இந்துப்பு பற்றியும் சொல்லிவிடலாம். இளஞ்சிவப்பு நிறத்தில் விலை கூட்டி விற்கிறார்கள். அதுவும் பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான். பிபி-க்கு அதனால் லாபம் இல்லை. குறை சோடியம் உப்பு என்பது வேறு. அதில் சோடியத்தின் ஒரு பகுதிக்குப் பதில் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள். சீனாவில் 600 கிராமங்களில் சுமார் 21 ஆயிரம் பேரிடம் நடந்து 2021-ல் வெளியான ஆய்வில், இப்படிப்பட்ட உப்புக்கு மாறியவர்களுக்குப் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. தமிழ்நாடு உப்புக் கழகம் 2014-ல் கொண்டுவந்த 'அம்மா உப்பு' வகைகளிலும் ஒன்று குறை சோடியம் உப்புதான். ஒரு எச்சரிக்கை: கிட்னி பாதிப்பு உள்ளவர்களும், எனலாப்ரில், லோசார்டன், டெல்மிசார்டன் மாதிரி மாத்திரை எடுப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் இதற்கு மாறக் கூடாது. உடம்பில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தாறுமாறாகும்.

சாமை விளையும் மலை, பொன்னி அரிசித் தட்டு

ஜவ்வாது மலை என்றால் சாமை. மலைவாழ் மக்களின் வீட்டில் சாமைச் சோறும் கேழ்வரகுக் களியும் தினப்படி சாப்பாடாக இருந்தவை. இப்போது மலையிலும் அடிவாரத்திலும் தட்டில் வெள்ளை அரிசிதான். இந்தப் பக்கம் ஆரணி, அரிசி ஆலைகளுக்குப் பேர்போன ஊர். 2011 ஜூன் முதல் ரேஷனில் அரிசி இலவசம். இதைக் குறை சொல்ல முடியாது. அந்த அரிசி வீடுகளின் பசியைப் போக்கியது. பிரச்சினை, தட்டில் அரிசி மட்டுமே மலையாகக் குவிந்து, காய்கறி ஓரத்தில் ஒரு ஸ்பூனாக ஒதுங்கியதுதான். ஐசிஎம்ஆரின் கீழ் இயங்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, தட்டில் ஏறத்தாழ பாதி காய்கறி, கீரை, பழமாக இருக்க வேண்டும்.

அப்போ சாமைக்கு மாறினால் போதுமா? கொஞ்சம் பொறுங்கள். சிறுதானியத்தை மருந்து மாதிரி விற்கும் விளம்பரங்களை அப்படியே நம்ப வேண்டாம். தவிடு நீக்கி, பளபளவென்று தீட்டிய சாமையில் நார்ச்சத்து பெருமளவு போய்விடும். மங்கலான நிறத்தில், தவிடு முழுக்க நீக்காமல் கிடைப்பதுதான் நல்லது. அதையும் அரிசியைப் போல மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டால் பலன் காணாமல் போகும். ஒருவேளை சாமை அல்லது கேழ்வரகு, கூடவே பயறு, கீரை. இவ்வளவு போதும். மலையில் விளைவதை அடிவாரத்தில் வாங்கினால் விவசாயிக்கும் காசு போய்ச் சேரும், அது கூடுதல் லாபம்.

எண்ணெய்க்கும் பாக்கெட் கணக்கு உண்டு. ஆளுக்கு மாதம் அரை லிட்டர். நான்கு பேருக்கு 2 லிட்டர். ரேஷன் பாமாயிலில் ஏறத்தாழ பாதி நிறைவுற்ற கொழுப்பு என்பதால், அதை மட்டுமே நம்பாமல் கடலை, நல்லெண்ணெய் என்று மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம். பஜ்ஜிக் கடையில் கருத்துப்போன எண்ணெயைப் பார்த்தால் அன்றைக்கு பஜ்ஜி வேண்டாம்.

மாதம் ஒரு கிரிவலம் போதுமா?

திருவண்ணாமலை மாவட்டத்துக்காரர்களுக்கு நடை புதிதில்லை. பௌர்ணமிக்கு 14 கிலோ மீட்டர் கிரிவலம் வருபவர்கள் எத்தனை ஆயிரம் பேர்! ஆனால் அடுத்த நாள் பால் வாங்க அரை கிலோ மீட்டருக்கும் பைக்தான். இதயத்துக்கு வேண்டியது மாதம் ஒரு தடவை பெரிய நடை இல்லை. வாரத்துக்கு 150 நிமிடம், அதாவது வாரத்தில் ஐந்து நாள், தினம் அரை மணி நேரம். பேச முடியணும், பாட முடியக் கூடாது. அந்த வேகம்தான் சரியான வேகம். ஏற்கெனவே இதயப் பிரச்சினை இருப்பவர்கள், நடந்து பழக்கமே இல்லாதவர்கள் நேராகக் கிரிவலத்தில் தொடங்காமல் முதலில் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

10 ஆயிரம் அடி நடக்கணுமே என்று மலைக்க வேண்டாம். அந்த எண், 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடை அளவுக் கருவியின் பெயரில் இருந்து பிரபலமானது. 2025 ஜூலையில் லான்செட் பப்ளிக் ஹெல்த் இதழில் வந்த தொகுப்பாய்வு, தினம் 7 ஆயிரம் அடி நடப்பவர்களை 2 ஆயிரம் அடி நடப்பவர்களோடு ஒப்பிட்டது. இதயநோய் வரும் வாய்ப்பு 25 சதவீதம் குறைவாக இருந்தது. உங்கள் கையில் இருக்கிற போனே அடிகளை எண்ணிச் சொல்லும்.

'நடப்போம் நலம் பெறுவோம்' என்று 2023 நவம்பர் 4-ல் அரசு தொடங்கிய திட்டத்தில் மாவட்டத்துக்கு ஒரு 8 கிலோ மீட்டர் நடைபாதை ஒதுக்கப்பட்டது. நல்ல யோசனைதான். ஆனால் மாவட்டத் தலைநகரில் இருக்கும் பாதை, சந்தவாசல்காரருக்கு எப்படி உதவும்? இங்கே வேண்டியது, லாரி ஓடும் மெயின் ரோட்டை விட்டு விலகிய ஒரு தெருவும், அதிகாலையில் பெண்கள் பயமில்லாமல் நடக்க விளக்கும்தான். கிராமசபைக் கூட்டத்தில் கேட்க வேண்டிய கோரிக்கை இது.

ஆரணி வட்டாரத்தில் பட்டுத் தறியில் உட்காருபவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. தறி மிதிப்பதே உழைப்புதானே என்று தோன்றும். ஆனால் மணிக்கணக்கில் ஒரே இடத்தில் உட்காருவது உட்காருவதுதான். மணிக்கு ஒரு தடவை எழுந்து சில நிமிடம் நடந்துவிட்டு வாங்க. கையோடு இடுப்பையும் டேப் வைத்து அளந்துவிடுங்கள். தொப்புள் மட்டத்தில் ஆண்களுக்கு 90 சென்டி மீட்டர், பெண்களுக்கு 80 சென்டி மீட்டரைத் தாண்டினால் எச்சரிக்கை மணி. பேன்ட் சைஸை நம்பாதீங்க, பலர் தொப்பைக்குக் கீழே இறக்கித்தான் போடுகிறார்கள்.

பீடி மட்டுமா, வாயில் அடக்கினாலும் ஆபத்துதான்

"நான் பீடி விட்டுட்டேன், ஹான்ஸ்தான்" என்று பெருமையாகச் சொல்பவர்கள் உண்டு. மெல்லும் புகையிலை புற்றுநோயைத்தான் கொண்டுவரும், இதயத்துக்கு ஒன்றும் செய்யாது என்ற எண்ணம். இன்டர்ஹார்ட் ஆய்வின் புகையிலை பற்றிய பகுதி 2006-ல் வந்தது. புகைப்பவர்களுக்கு மாரடைப்பு ஆபத்து சுமார் மூன்று மடங்கு. மெல்லுபவர்களுக்கு இரண்டு மடங்குக்கு மேல். குட்கா, பான் மசாலாவுக்குத் தமிழ்நாடு 2013-லேயே தடை போட்டது. தடை இருக்கு, பாக்கெட்டும் பெட்டிக்கடையில் இருக்கு. இது எல்லோருக்கும் தெரிந்த கதை.

விடுவதால் கிடைக்கும் பலன் சீக்கிரமே தெரியும். புகையை விட்ட ஒரு வருடத்தில் இதயநோய் ஆபத்து, தொடர்ந்து புகைப்பவருக்கு இருப்பதில் சுமார் பாதியாகிவிடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பழக்கத்தைத்தான் மாற்ற முடியும் என்றால், புகையிலை போடுபவர்கள் இதைத்தான் தேர்ந்தெடுக்கணும். மதுவிலும் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்று 2023-லேயே அந்த நிறுவனம் சொல்லிவிட்டது. 'கொஞ்சமா குடிச்சா ஹார்ட்டுக்கு நல்லது' என்பதை இனி யாரும் சொன்னால் நம்ப வேண்டாம். தூக்கமும் கணக்கில் உண்டு, 7 மணி நேரம் வேண்டும். இந்தக் கட்டுரையை ராத்திரி 12 மணிக்குப் படித்துக்கொண்டிருந்தால், மீதியை நாளைக்குப் படிக்கலாம்.

நெஞ்சுவலி வந்துவிட்டது. இப்போ என்ன செய்யணும்?

நெஞ்சின் நடுவில் பாரம் ஏற்றியது போல அழுத்தம், இடது கை, தாடை, முதுகு என்று பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல். சில நிமிடங்களில் குறையவில்லை என்றால் வாயு என்று முடிவு கட்டும் வேலை நம்முடையது இல்லை. அதை இசிஜி சொல்லட்டும். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் பெரிய வலியே இல்லாமல், அசதி, குமட்டல், மூச்சு வாங்குவது என்று மட்டும் வரலாம். "காலையில இருந்து ஒரு மாதிரியா இருக்கு" என்று அம்மா சொன்னால், சமையல் முடிந்த பிறகு பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

108-ஐ அழையுங்கள். பைக்கில் நடுவில் உட்காரவைத்துக் கொண்டுபோவது வேண்டாம். வழியில் இதயம் நின்றால் பைக்கில் எதுவும் செய்ய முடியாது. இருமிக்கொண்டே இருந்தால் மாரடைப்பில் தப்பிக்கலாம் என்ற வாட்ஸ்அப் செய்தி பொய். மயங்கி விழுந்து, மூச்சும் அசைவும் இல்லை என்றால், நெஞ்சின் நடுவில் இரண்டு கைகளையும் வைத்து 5 சென்டி மீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துங்கள். ஆம்புலன்ஸ் வரும் வரை நிறுத்தக் கூடாது.

"நேரா வேலூருக்கே போயிடலாம்" என்பதுதான் இந்தப் பகுதியில் முதலில் வரும் யோசனை. கிளம்பும் முன் ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். 2023 ஜூனில் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் மாரடைப்புக்கான முதல் மாத்திரைகள் இருப்பு வைக்கப்பட்டன. ஆஸ்பிரின் 2, குளோபிடோகிரெல் 4, அட்டோர்வாஸ்டாட்டின் 8. மொத்தம் 14 மாத்திரை. ரத்தக்கட்டி பெரிதாகாமல் தடுத்து, பெரிய மருத்துவமனை போய்ச் சேரும் வரை நேரம் வாங்கிக் கொடுப்பதுதான் இதன் வேலை. வீட்டில் வாங்கி வைத்துக்கொண்டு நாமே விழுங்குவதற்கு இல்லை. வயிற்றுப் புண்ணில் ரத்தக் கசிவு இருந்தாலோ, மூளையில் ரத்தக் கசிவாக இருந்தாலோ இதே மாத்திரை ஆபத்து.

பக்கத்தில் முதல் சிகிச்சை, பிறகு பெரிய இடம் என்ற முறை பலன் தருமா? தமிழ்நாட்டிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2012 முதல் 2014 வரை 2,420 மாரடைப்பு நோயாளிகளிடம் நடந்த தமிழ்நாடு ஸ்டெமி ஆய்வு அது. சிறிய மருத்துவமனைகளைப் பெரிய மருத்துவமனைகளோடும் 108 ஆம்புலன்ஸோடும் இணைத்தார்கள். ஆஞ்சியோகிராம் வசதி தூரத்தில் இருந்தால், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை அருகிலேயே போட்டுவிட்டு, பிறகு பெரிய இடத்துக்கு அனுப்பினார்கள். ஒரு வருடத்துக்குள் நேரும் மரணம் 17.6 சதவீதத்தில் இருந்து 14.2 சதவீதமாகக் குறைந்தது.

ஆக, சந்தவாசலில் இருந்தோ மலைக்கிராமத்தில் இருந்தோ கிளம்பும்போது, எந்த மருத்துவமனைக்குப் போவது என்று உறவினர்கள் கூடி விவாதிப்பதை 108 ஊழியரிடம் விட்டுவிடுங்கள். வலி ஆரம்பித்த நேரத்தை ஒரு தாளில் எழுதுங்கள். ஊசி போடலாமா என்று டாக்டர் முடிவு செய்ய அந்த நேரம் மிக முக்கியம். தினமும் சாப்பிடும் மாத்திரைப் பட்டையையும் பழைய இசிஜி தாளையும் ஒரே பையில் போட்டு கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். முதல் மருத்துவமனையில் எடுத்த இசிஜியையும், என்ன மாத்திரை கொடுத்தார்கள் என்ற சீட்டையும் கேட்டு வாங்கி, அடுத்த மருத்துவமனையில் நுழைந்ததும் அதைத்தான் முதலில் நீட்டணும்.